முதியோர் பராமரிப்புக்கு ரோபோ: தேர்வு முதல் தினசரிப் பயன்பாடு வரை முழு வழிகாட்டி

வயதானவரைத் தூக்கி உட்காரவைத்து, மாத்திரை கொடுத்து, சாப்பாடு ஊட்டி, ராத்திரி கண்விழித்தும் பார்த்துக்கொள்ளும் ரோபோ இன்றைக்கு விற்பனையில் இல்லை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-ல் காட்டிய ரோபேர், கரடி முகத்தோடு ஆளை இரு கைகளில் ஏந்தித் தூக்கியது. அதன் எடை 140 கிலோ. படம் உலகம் முழுக்கப் பரவியது. ரோபோ ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. வீடுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் உண்மையில் வந்து சேர்ந்தவை பார்ப்பதற்கு ரோபோ மாதிரியே இருக்காது: நேரத்துக்கு மாத்திரையைத் தள்ளும் பெட்டி, கட்டிலை விட்டு எழுந்தால் தகவல் சொல்லும் சென்சார், எழுந்து நிற்கத் தாங்கும் சக்கர இயந்திரம், மடியில் வைத்துத் தடவும், சீல் என்ற கடல்விலங்கு வடிவப் பொம்மை. ஒவ்வொன்றும் ஒரு வேலையின் ஒரு பகுதியைத்தான் தாங்கும். மீதியை மனிதர் செய்ய வேண்டும். அதனால் இங்கே வரிசை இப்படி: முதலில் வேலை, அடுத்து ஆள், அடுத்து வீடு, அதற்கப்புறம்தான் கருவி.

1. ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

கருவி தேடுவதற்கு முன் ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதியோர் மருத்துவத்தில் 1963-லிருந்து புழங்கும் கட்ஸ் அளவுகோல் ஆறு வேலைகளைப் பார்க்கிறது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இதோடு மாத்திரை, இரவு விழிப்பு, தனிமையில் இருக்கும் நேரம் என்று மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நேரம், எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், யாருக்கு எங்கே வலித்தது, இவ்வளவு எழுதினால் போதும்.

வாரக் கடைசியில், அதிக நிமிடம் தின்ற வேலையையும் அதிகம் பயமுறுத்திய வேலையையும் தனித்தனியாக வட்டமிடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. நிமிடம் தின்றது சாப்பாடாக இருக்கும். பயமுறுத்தியது இரவில் கழிப்பறைக்குப் போவதாக இருக்கும்.

இனி அந்த ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடையுங்கள். இரவுக் கழிப்பறைப் பயணம் என்றால்: விழிப்பது, எழுந்து உட்காருவது, காலைத் தரையில் ஊன்றுவது, நிற்பது, நடப்பது, திரும்பி உட்காருவது, உடையை விலக்குவது, சுத்தம் செய்வது, திரும்பி வருவது. இதில் இயந்திரம் எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்றுதான்: உட்கார்ந்ததைக் கண்டுபிடிப்பது, விளக்கைப் போடுவது, உங்களை எழுப்புவது. வேண்டுமானால் நிற்க உதவுவதையும் சேர்க்கலாம். ‘கழிப்பறைக்கு ரோபோ’ என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ‘உட்கார்ந்ததும் தகவல், பாதையில் வெளிச்சம்’ என்று தேடினால் சரியான, பெரும்பாலும் மலிவான கருவி கிடைக்கும்.

2. எது கைக்கு வந்துவிட்டது, எது இன்னும் காட்சிப்பொருள்

நம்பிப் பயன்படுத்தக்கூடியவை: மாத்திரை வழங்கிகள், படுக்கை மற்றும் அசைவு சென்சார்கள், தூக்கும் இயந்திரங்கள், திரையோடு நகரும் வீடியோ ரோபோக்கள், தடவிக்கொடுக்கும் துணை ரோபோக்கள். பானாசோனிக்கின் ரெசியோன் கட்டிலில் பாதி பிரிந்து சக்கர நாற்காலியாகிறது. ஆளைத் தூக்கவே தேவையில்லாமல் செய்துவிட்ட இந்த யோசனை, தூக்கும் கைகளைவிடப் புத்திசாலித்தனமானது. சாப்பாடு ஊட்டும் கைகளும் உண்டு. செகோம் நிறுவனத்தின் மை ஸ்பூன் 2002-லேயே வந்துவிட்டது. ஆனால் அவை கை வேலை செய்யாத, தலையை நிமிர்த்தி வாயைக் கொண்டுவரத் தெரிந்த, விழுங்குவதில் சிக்கல் இல்லாத ஆளுக்கானவை. இருமிக்கொண்டே சாப்பிடுபவரை அந்தக் கருவியோடு தனியே விடவே கூடாது.

கையும் காலும் முகமும் வைத்த மனித உருவ ரோபோக்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். 2014-ல் பெரிய ஆரவாரத்தோடு வந்த பெப்பர் ரோபோவின் தயாரிப்பு 2020-ல் நிறுத்திவைக்கப்பட்டது. முதியோர் இல்லங்களில் அது பாடலுக்கு ஏற்பக் கையாட்டி உடற்பயிற்சி நடத்தும். ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காது. மேசை மேல் உட்கார்ந்து பேசும் எலிக்யூ போன்றவை அந்த வகையில் நேர்மையானவை: நினைவூட்டும், பேச்சுக் கொடுக்கும், அதற்குமேல் எதையும் செய்வதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நியூயார்க் மாநில முதியோர் துறை 2022 முதல் தனியாக வாழும் முதியவர்களுக்கு அதைக் கொடுத்துவருகிறது.

நகரும் கருவியோ உடலைத் தொடும் கருவியோ என்றால் ஐஎஸ்ஓ 13482 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தனிநபர் பராமரிப்பு ரோபோக்களின் பாதுகாப்புக்காக 2014-ல் வந்த தரநிலை அது. விற்பவர் ‘மருத்துவத் தரம்’ என்று பொதுவாகச் சொன்னால் எந்தத் தரநிலை, எந்த மாடலுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

3. அவரிடம் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் வீட்டில்தான் கருவி துணி போட்டு மூடிக் கிடக்கும். பெரியவரிடம் நான்கு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இது என்ன செய்யும், எதைப் பார்க்கும் அல்லது கேட்கும், அதை யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது. நான்காவதைச் செய்தே காட்டுங்கள். அவர் கையாலேயே நிறுத்திப் பார்க்கட்டும். கேமராவுக்கு மூடி இருந்தால் மூடித் திறக்கட்டும்.

படுக்கையறையிலும் குளியலறையிலும் சாதாரண கேமரா வைக்க வேண்டிய தேவையே இப்போது இல்லை. மெத்தைக்கு அடியில் போடும் அழுத்தப் பட்டை, வெப்பத்தை மட்டும் பார்க்கும் சென்சார், ரேடார் சென்சார் ஆகியவை முகத்தையோ உடலையோ படமெடுக்காமல் அசைவைச் சொல்லிவிடும்.

மறதி நோய் உள்ளவரிடம் ஒருமுறை வாங்கிய சம்மதம் போதாது. நேற்று சரி என்றவர் இன்று பயப்படலாம். கருவி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது, கையால் தள்ளுவது, அறையை விட்டுப் போகப் பார்ப்பது எல்லாமே ‘வேண்டாம்’தான். அன்றைக்கு எடுத்துவிடுங்கள், வேறொரு நாள் பார்க்கலாம்.

4. வீட்டை அளவெடுங்கள்

நகரும் ரோபோ வாங்கித் திருப்பி அனுப்புவதற்கான காரணங்களில் பல, அளவுநாடாவை எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

கதவு: ரோபோவின் அகலத்தோடு இருபுறமும் 10 செ.மீ. சேர்த்து இடைவெளி வேண்டும். கதவு முழுதாகத் திறக்காமல் சுவரில் இடித்து நின்றால் அந்த நிலையில் அளவெடுங்கள். நிலைப்படி: சிறு சக்கரங்கள் 1.5 முதல் 2 செ.மீ. வரைதான் ஏறும். அதற்குமேல் இருந்தால் சரிவுப் பலகை போட வேண்டும். ஆனால் அந்தப் பலகை பெரியவரின் கால் இடறும் இடமாகவும் மாறிவிடக் கூடாது. தரையோடு ஒட்டி, ஓரம் வேறு நிறத்தில் தெரிய வேண்டும்.

பல ரோபோக்களின் லேசர் சென்சார் தரையிலிருந்து ஏதோ ஓர் உயரத்தில், பெரும்பாலும் ஒரு சாண் அளவில், ஒரே தளமாகச் சுற்றிப் பார்க்கிறது. அந்த உயரத்தில் மேசையின் கால்கள் தெரியும், மேசைப் பலகை தெரியாது. ரோபோவின் கழுத்தோ திரையோ பலகையில் போய் முட்டும். வாக்கரின் மெல்லிய கால்களை அது சில நேரம் தவறவிடும். கண்ணாடிக் கதவையும் ஆளுயரக் கண்ணாடியையும் திறந்த வழி என்று நினைத்துக்கொள்ளும்; அடியில் பட்டையாக ஒரு தாள் ஒட்டினால் சரியாகிவிடும். கறுப்புக் கால்மிதி இன்னொரு தொல்லை. கீழே பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கும் அகச்சிவப்பு சென்சாருக்குக் கறுப்பு நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பாது; படிக்கட்டு விளிம்பு என்று நினைத்து ரோபோ நின்றுவிடும். மிதியை மாற்றுங்கள். சென்சாரை டேப் போட்டு மூடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிஜமான படிக்கட்டிலும் அது நிற்காது.

ஆக்சிஜன் குழாய் தரையில் ஓடும் வீட்டில், அந்த அறைக்கு ரோபோ நுழையாதபடி வரைபடத்தில் தடை போடுங்கள். சக்கரம் குழாயின் மேல் ஏறி நின்றால் காற்று தடைபடும். சக்கரத்தில் சுற்றினால் மூக்கிலிருந்து பிடுங்கிவிடும். சிறுநீர்ப் பை தொங்கும் கட்டிலுக்கும் இதே தடைதான்.

சார்ஜ் ஏறும் இடத்தைக் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் வைக்காதீர்கள். இருட்டில் எழுந்து வருபவருக்கு ரோபோவே இடறுகல். வேகத்தை அமைப்பில் விநாடிக்கு 0.3 மீட்டருக்குக் குறையுங்கள். இரவு நேரத்தில் தானாக நகராதபடி பூட்டுங்கள்.

தூக்கும் இயந்திரம் என்றால் அளவு வேறு. அதன் அடிக்கால்கள் கட்டிலுக்குக் கீழே நுழைய வேண்டும். அந்தக் கால்களின் உயரத்தைவிட 2 செ.மீ. கூடுதலாக இடைவெளி தேவை. அடியில் பலகை அடைத்த கட்டில் உதவாது. திருப்புவதற்கு ஏறத்தாழ 150 செ.மீ. சதுர இடம் வேண்டும். கனமான விரிப்பில் அதைத் தள்ளவே முடியாது. இடுப்பு வலியைக் குறைக்க வாங்கியதே இடுப்பு வலி தரும்.

5. வைஃபை, மின்சாரம், கடவுச்சொல்

போனில் சிக்னல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, ரோபோ நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும். மைனஸ் 70-க்குக் கீழே போனால் வீடியோ உறையும். மைனஸுக்குப் பின் வரும் எண் சிறிதாக இருந்தால் நல்லது: மைனஸ் 50 நல்ல சிக்னல், மைனஸ் 80 மோசம். இரண்டு ரவுட்டர் உள்ள வீட்டில், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில்தான் அழைப்பு அறுபடும். பெரும்பாலும் அது வராந்தா நடுவே இருக்கும். வேண்டுமென்றே அங்கே நிறுத்திச் சோதியுங்கள். சில கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இணையும்.

மின்வெட்டில் ரோபோவின் பேட்டரி ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். அந்த நேரத்தில் வரும் எச்சரிக்கை யாருக்கும் போய்ச் சேராது. ரவுட்டருக்குத் தனியாக ஒரு சிறு யூபிஎஸ் வையுங்கள். அதற்கு 10 முதல் 20 வாட்தான் தேவை. சிம் கார்டு போடும் வசதி கருவியில் இருந்தால் இன்னும் நல்லது.

கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். யாரிடம் அனுமதி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உதவியாளர் வேலையை விட்டுப் போனால் அன்றே அனுமதியை நீக்க வேண்டும். வீடியோ ரோபோவில் தானாக அழைப்பை எடுக்கும் வசதியை அவசரத்துக்கென்று ஒரே ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். மற்ற எல்லோருக்கும் மணி அடிக்கட்டும், அவரே எடுக்கட்டும்.

6. மாத்திரை வழங்கியை நிரப்புவது

வீட்டுக்கு முதல் கருவி எது என்று கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். 28 அறைகள் கொண்ட வட்டத் தட்டு பரவலாகக் கிடைக்கிறது: ஒரு நாளைக்கு ஒரு வேளை என்றால் நான்கு வாரம், நான்கு வேளை என்றால் ஒரு வாரம் வரும்.

நிரப்புவதற்கு முன் மருந்துப் பட்டியலை மருந்தாளுநரிடம் காட்டி, எதைப் பெட்டியில் போடக் கூடாது என்று குறியுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் அதன் சொந்தக் குப்பியில்தான் இருக்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் டாபிகாட்ரான் ஈரத்தில் கெட்டுவிடும், அதையும் அதன் பொதியிலிருந்து எடுத்துவைக்கக் கூடாது. வாயில் கரையும் மாத்திரை, தண்ணீரில் பொங்கும் மாத்திரை, குளிர்பதனத்தில் வைப்பவை, திரவ மருந்து எதுவும் ஆகாது. வலி வந்தால் மட்டும் போடுவதற்கு அட்டவணை கிடையாது, அதனால் அதையும் வெளியே வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போடும் மெத்தோட்ரெக்ஸேட் தவறுதலாகத் தினசரி அறைகளில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தனியாக ஒருவர் கையால் கொடுப்பதே சரி. வார்ஃபரின் போல அளவு அடிக்கடி மாறும் மருந்தைச் சேர்த்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மொத்தத் தட்டையும் திறந்து மாற்ற வேண்டிவரும்.

மேசையைத் துடைத்து, கையைக் கழுவி உலர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்தை எடுத்து, அது போக வேண்டிய எல்லா அறைகளிலும் போட்டு முடித்துவிட்டு அட்டையை ஒதுக்குங்கள். பிறகு அடுத்த மருந்து. அறை அறையாக நிரப்பினால் நடுவில் போன் வந்ததும் கணக்குத் தவறும். முடித்ததும் இன்னொருவர் ஒவ்வோர் அறையிலும் உள்ள மாத்திரைகளை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பழைய அட்டைகள் அனைத்தையும் பெரியவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டுங்கள். வழங்கி ஒரு வேளை கொடுக்க, பழைய பழக்கத்தில் அவர் அட்டையிலிருந்து இன்னொரு வேளை போட்டுக்கொள்வதுதான் முதல் மாதத்தில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. அது கருவியின் பதிவில் தெரியவே தெரியாது.

தட்டு சிக்கினால் முதலில் பாதியாக வெட்டிய மாத்திரைகளைச் சந்தேகப்படுங்கள். அவற்றின் தூள் விளிம்பில் படிந்து, ஈரத்தில் இறுகும். ஜெல் உறைகள் வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நிரப்பலின்போதும் தட்டை உலர்ந்த துணியால் துடையுங்கள்; கழுவினால் முழுதாகக் காய்ந்த பிறகே போடுங்கள். பெட்டியை அடுப்புக்கோ குளியலறைக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள்.

தவறவிட்ட வேளைக்கு எத்தனை நிமிடத்தில் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பதை மருந்தைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். பார்க்கின்சனுக்கான லெவோடோபா என்றால் 15 நிமிடம், மற்ற பலவற்றுக்கு 45 முதல் 60 நிமிடம் பரவாயில்லை. ‘எடுக்கப்பட்டது’ என்று ஆப் சொல்வது மாத்திரை பெட்டியை விட்டு வெளியே வந்தது என்றுதான். விழுங்கினாரா என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது தலையணைக்கு அடியிலும் சோபா இடுக்கிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

7. எச்சரிக்கை சென்சார்: விநாடிக் கணக்கு

கட்டிலை விட்டு எழுந்தால் அறிவிக்கும் சென்சாரை வாங்கும்போது யாரும் போடாத கணக்கு ஒன்று உண்டு. பெரியவர் உட்கார்ந்த நொடியிலிருந்து எழுந்து நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஐந்து முறை அளவெடுங்கள். நீங்கள் தூங்கும் இடத்திலிருந்து அறிவிப்பு கேட்டு அவர் கட்டிலுக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று அளவெடுங்கள், தூக்கத்திலிருந்து எழும் நேரத்தையும் சேர்த்து. அவருக்கு 40, உங்களுக்கு 90 என்றால் அந்தச் சென்சார் விழுவதைத் தடுக்காது, விழுந்துவிட்டதைத்தான் சொல்லும். அதுவும் பயனுள்ளதே, தரையில் மணிக்கணக்கில் கிடப்பது தனி ஆபத்து. ஆனால் தடுக்க வேண்டும் என்றால் உட்கார்ந்ததும் ஒலிக்கும் வகை, பக்கத்தில் படுப்பது, கட்டிலுக்கு அருகிலேயே கழிப்பறை நாற்காலி என்று வேறு வழி தேவை.

விழுதலைக் கண்டுபிடிக்கும் சென்சாரைச் சோதிக்க இளையவர் ஒருவர் தரையில் மெத்தை போட்டு விழட்டும்: கட்டில் ஓரம், கதவு மூலை, நாற்காலிப் பின்புறம். முக்கியமாக, சுவரில் சாய்ந்தபடி மெதுவாகச் சரிந்து உட்காரும் விழுதலைச் செய்து பாருங்கள். வேகத்தை வைத்துக் கணிக்கும் கருவிகள் இதைத்தான் தவறவிடுகின்றன. வயதானவர்கள் பலரும் இப்படித்தான் விழுகிறார்கள். மறுபக்கம், தரையில் உட்கார்ந்து எதையோ தேடினாலும் சில சென்சார்கள் அலறும். பொய் அலாரத்தை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரவுக்கு ஒன்று என்று ஒரு வாரம் போனால் இரண்டாவது வாரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். உணர்திறனையும் இடத்தையும் மாற்றிப் பார்த்துச் சரிவரவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

அறிவிப்பு யாருக்குப் போகும் என்று மூன்று பேர் வரிசை வேண்டும். முதல் ஆள் 3 நிமிடத்தில் எடுக்காவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூவரில் ஒருவராவது பத்து நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும், அவர் கையில் வீட்டுச் சாவியும் இருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனுக்கு மட்டும் அறிவிப்பு போய், உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு வெளியே அக்கம்பக்கத்தார் நிற்பதில் என்ன லாபம்?

8. தூக்கும், நிற்க உதவும் இயந்திரம்

இதைப் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்க்காமல் தொடங்காதீர்கள். நிற்க உதவும் வகைக்கு மூன்று தகுதி வேண்டும்: கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்கார முடிய வேண்டும், ஒரு காலாவது கொஞ்சம் எடை தாங்க வேண்டும், ‘பிடியுங்கள், எழுங்கள்’ என்றால் புரிய வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் முழுதாகத் தூக்கும் வகைதான். அண்மையில் இடுப்பு அறுவை சிகிச்சை, விலா எலும்பு முறிவு, எலும்புகள் மிகவும் பலவீனம், முதுகிலோ தொடையிலோ படுக்கைப்புண் என்றால் எந்தத் துணி எங்கே அழுத்துகிறது என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆளைத் தாங்கித் தூக்கும் ஸ்லிங் துணியின் அளவு மிக முக்கியம். பெரிதாக இருந்தால் ஆள் நடுவில் நழுவுவார். சிறிதாக இருந்தால் தொடை இடுக்கில் வெட்டும். ஒவ்வொரு முறையும் தையலையும் கொக்கி வளையங்களையும் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால், ப்ளீச்சில் வெளுத்திருந்தால், துணியை ஒதுக்கிவிடுங்கள். தாங்கும் எடை ஸ்லிங்கில் ஓர் அளவும் இயந்திரத்தில் ஓர் அளவும் போட்டிருக்கும். இரண்டில் குறைந்ததுதான் உங்கள் வரம்பு.

எழுப்பும்போது: படுத்திருந்தவரை உட்காரவைத்து ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும், தலைசுற்றல் தெரியவரும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடுங்கள். ஸ்லிங் வகை இயந்திரத்தின் பிரேக்கைத் தூக்கும்போது பொதுவாகப் போடுவதில்லை. எடைக்கு ஏற்ப அது தானே நகர்ந்து நேராக வேண்டும். நிற்க உதவும் வகையில் இது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் உள்ளபடியே செய்யுங்கள். துணி இறுகும் அளவுக்கு 2–3 செ.மீ. மட்டும் உயர்த்தி நிறுத்துங்கள். நான்கு கொக்கிகளையும் கண்ணால் பாருங்கள், கையால் இழுங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். அதற்கப்புறம்தான் மேலே. மேலே போனதும் நேரத்தைக் கடத்தாமல் இறக்குங்கள். ஆள் தொங்கும்போது தலையணையைத் தேடிப் போகக் கூடாது.

மின்சாரம் நின்றால் கையால் இறக்கும் வழி எல்லா நல்ல இயந்திரத்திலும் உண்டு, பெரும்பாலும் சிவப்பு நிறப் பிடி. யாரும் ஏறாத நேரத்தில் மாதம் ஒரு முறை அதை இழுத்துப் பழகுங்கள். வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

9. துணை ரோபோவும் பேசும் கருவியும்

பாரோ என்ற சீல் வடிவ ரோபோ ஏறத்தாழ 2.7 கிலோ எடை. தடவினால் கண் மூடும், குரல் கொடுக்கும், சார்ஜர் ரப்பர் காம்பு வடிவில் வாயில் செருகும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-ல் அதை மருத்துவக் கருவியாக வகைப்படுத்தியது. மறதி நோய் உள்ளவர்களின் பதற்றத்துக்கு அது உதவுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவில் 28 இல்லங்களில் 415 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒரு நல்ல கேள்வியையும் கேட்டது: அதே சீலை இயங்காதபடி சுவிட்சை அணைத்துக் கொடுத்தால்? ஈடுபாட்டைத் தூண்டுவதில் இயங்கும் சீல் முன்னே நின்றது. பதற்றத்தைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே முதலில் எடையுள்ள, மென்மையான சாதாரணப் பொம்மை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதைத் திரும்பியே பார்க்காதவர் ரோபோவிடம் மட்டும் ஒன்றிவிடுவார் என்று எதிர்பார்த்துப் பெரிய செலவில் இறங்க வேண்டாம்.

ஒரு முறைக்கு 10 முதல் 20 நிமிடம் போதும். பதற்றம் மாலையில் வரும் என்றால் அது தொடங்குவதற்கு அரைமணி முன் கொடுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ‘இது என்ன சொல்லுது?’ என்று பேச்சை வளர்க்க வேண்டும். அந்தப் பேச்சில்தான் பாதிப் பலன் இருக்கிறது. உயிருள்ளதா என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பொம்மைதான், தொட்டால் அசையும் என்றாலும் பெரும்பாலோர் தொடர்ந்து கொஞ்சத்தான் செய்வார்கள்.

பேசும் கருவிகளில் நடக்கும் சிக்கல் ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். ‘நாளைக்கு காலையில...’ என்று தொடங்கி, மூச்சு வாங்கி, மணியை யோசிக்கிறார். அந்த ஒரு விநாடி மௌனத்தைப் பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொண்டு கருவி ‘புரியவில்லை’ என்கிறது. இரண்டு முறை இப்படி ஆனால் அவர் ‘எனக்குத்தான் பேசத் தெரியல’ என்று விட்டுவிடுவார். காத்திருக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு இருந்தால் 2 விநாடிக்கு மேல் வையுங்கள். குரலைத் தாழ்ந்த சுருதிக்கு மாற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள். வயதில் முதலில் போவது உச்ச சுருதிதான், சத்தத்தைக் கூட்டுவதால் மட்டும் அது சரியாகாது. வாங்குமுன் அவர் வீட்டில் பேசும் பேச்சுமொழியில், பல்செட் போட்டும் கழற்றியும், டிவி ஓடும்போதும் பேசவைத்துப் பாருங்கள்.

10. முதல் ஆறு வாரம்

முதல் இரண்டு வாரம் பழைய முறையும் புதிய கருவியும் சேர்ந்தே ஓடட்டும். வழங்கி மாத்திரை கொடுத்தாலும் ஒருவர் பார்க்க வேண்டும். சென்சார் இருந்தாலும் பழைய நேரத்துக்கு எழுந்து பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் பழைய முறையில் ஒன்றை மட்டும் விலக்குங்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பழைய நோட்டை எடுத்து அதே வேலையை மறுபடி ஏழு நாள் அளவெடுங்கள். மிச்சமான நிமிடங்களிலிருந்து கருவிக்காகச் செலவான நிமிடங்களைக் கழியுங்கள்: நிரப்புவது, சார்ஜ், துடைப்பது, அப்டேட், பொய் அலாரம். கழித்த பிறகு ஒன்றும் மிஞ்சாமல், பயமும் குறையவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கை படும் பாகங்களைத் தினமும், கருவியின் கையேடு அனுமதித்தால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். நேராகத் தெளித்தால் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். ரோமம் உள்ளவற்றை இல்லங்களில் ஆளுக்கு ஆள் மாற்றும்போது சுத்தம் செய்தே மாற்ற வேண்டும். தோல் தொற்றோ வயிற்றுப்போக்கோ உள்ளவரிடம் கொடுத்ததை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். சக்கரங்களில் சுற்றிய முடியை வாரம் ஒரு முறை வெட்டி எடுங்கள், லேசர் சென்சாரின் வளையத்தை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். வழி தவறத் தொடங்கிய ரோபோக்கள் பல, இந்த ஒரு துடைப்பில் சரியாகிவிடும். பேட்டரி பல நூறு சுற்றுகளுக்குப் பிறகு தளரும். மாற்றுப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்பதை வாங்கும் நாளிலேயே கேளுங்கள்.

11. நிறுவனம் மூடிவிட்டால்

2017-ல் வீடுகளுக்கு வந்த ஜிபோ என்ற பேசும் ரோபோ, 2019-ல் தன் சர்வர்கள் அணைக்கப்படப் போவதைத் தன் வாயாலேயே உரிமையாளர்களிடம் சொல்லி விடைபெற்றது. பழகிப்போன முதியவருக்கு இது சிறிய விஷயமாக இருக்காது. ஆகவே மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: இணையம் இல்லாமல் எந்தெந்த வசதி ஓடும், மாதச் சந்தா நின்றால் எது நிற்கும், நிறுவனம் சேவையை நிறுத்தினால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு. விற்பவர் முன்னாலேயே ரவுட்டரை அணைத்துப் பாருங்கள். மாத்திரை வழங்கி அப்போதும் மணியடிக்க வேண்டும், அறை திறக்க வேண்டும். தூக்கும் இயந்திரம் இணையத்தையே கேட்கக் கூடாது.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போதோ வேறொருவருக்குத் தரும்போதோ, ஆப்பிலிருந்து கணக்கை நீக்கினால் மட்டும் போதாது. வீட்டு வரைபடம், பதிவான குரல், மருந்துப் பட்டியல், வைஃபை கடவுச்சொல் எல்லாம் கருவிக்குள்ளேயே இருக்கலாம். தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, மறுபடி ஆன் செய்து பழைய பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். சர்வரில் உள்ள தரவை அழிக்கச் சொல்லி நிறுவனத்துக்குத் தனியாக எழுதி, அழித்ததாகப் பதில் வரும்வரை அந்த அஞ்சலை வைத்திருங்கள்.